படத்தைக் கேட்காமலே படத்தைத் தடுக்கும் தளம்: ஸ்டாப்என்சிஐஐ எப்படி?

இணையத்தில் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் இந்த ஒரு தளத்தை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய அந்தரங்கப் படமோ வீடியோவோ சமூக ஊடகங்களில் பரவுவதைத் தடுக்க உதவும் இலவச சேவை. ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்றால் மூன்றரை கொடுப்பேன். மீதி ஒன்றரை எங்கே போச்சு என்பதையும் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து ஒரு கடை வைத்திருக்கிறேன். பரீட்சை ஃபீஸ் கட்ட, ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்க, புராஜெக்ட் பைண்டிங் போட என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். அதில் எப்போதாவது ஒருத்தி, கூட்டம் குறையும் வரை சும்மா பேனா பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்துவிட்டு, "அக்கா, ஒண்ணு கேக்கணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பிப்பாள். அந்தத் தொனி வந்தாலே விஷயம் என்னவென்று பாதி தெரிந்துவிடும். பழைய காதலன், அல்லது இன்ஸ்டாகிராமில் பழகிய யாரோ, அல்லது நிச்சயம் வரை போய் நின்றுபோன மாப்பிள்ளை. கையில் படம் இருக்கிறது, அனுப்பிவிடுவேன் என்கிறான்.

இந்த மாதிரி சேவைகளை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். உதவி கிடைப்பதற்குள் அந்தப் படத்தை இன்னும் எத்தனை பேர் பார்த்தாக வேண்டும்? மற்றதெல்லாம் அப்புறம். ஏனென்றால் நம் ஊரில் பெண்கள் புகார் கொடுக்காமல் இருப்பதற்குச் சட்டம் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. ஒருத்தன் கையில் இருக்கும் படத்தைத் தடுக்கப் போய் பத்துப் பேருக்குக் காட்ட வேண்டி வருமே என்கிற பயம்தான் பெரிய காரணம். அந்தப் பயம் பொய்யும் இல்லை. ஒரு பெண்ணுக்குத் துணையாக ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன், எந்த ஊர் என்பது வேண்டாம். உட்காரக்கூடச் சொல்லாமல் "போட்டோ எங்கம்மா, காட்டு" என்றுதான் பேச்சே தொடங்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவள் போனை எடுக்கவே இல்லை, "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து வந்துவிட்டாள். பொள்ளாச்சி விவகாரம் 2019-ல் வெளியே வந்தபோது நடந்ததை யார் மறப்பார்கள்? வீடியோவை வைத்து மிரட்டிய கும்பல் மேல் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல் துறை தரப்பிலிருந்தே வெளியே வந்தது, அரசாணையிலும் அச்சானது. உயர் நீதிமன்றம் தலையிட்டு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் நிலை வந்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13-ல் தீர்ப்புச் சொன்னது, நல்ல தீர்ப்புதான். ஆனால் நடுவில் போன அந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேர் "நமக்கு எதுக்கு வம்பு" என்று வாயை மூடிக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

பெரிய கம்பெனிகளும் இந்த விஷயத்தில் முதலில் சொதப்பத்தான் செய்தன. 2017-ல் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. உங்கள் அந்தரங்கப் படத்தை நீங்களே எங்களுக்கு அனுப்பி வையுங்கள், எங்கள் ஆள் ஒருவர் பார்த்து உறுதி செய்ததும் அது எங்கள் தளத்தில் ஏறாமல் தடுத்துவிடுகிறோம் என்றார்கள். உலகமே சிரித்தது. எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும், எந்தப் பெண் அனுப்புவாள்?

ஸ்டாப்என்சிஐஐ அந்த முடிச்சைத்தான் அவிழ்த்திருக்கிறது. பிரிட்டனில் 2015 முதல் இதே பிரச்சினைக்கென்று ஒரு உதவி எண் நடத்திவருகிற தொண்டு நிறுவனம், மெட்டாவோடு சேர்ந்து 2021 டிசம்பரில் தொடங்கிய தளம் இது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகவே போகாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்தைப் படித்து ஹாஷ் என்று ஒரு நீளமான எழுத்து-எண் கோவையை உண்டாக்கும், அது மட்டும்தான் அவர்களுக்குப் போகும். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோமே, அந்த ரேகைப் பதிவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேகையை வைத்து இது இன்னார் விரல் என்று சொல்லலாமே தவிர, ரேகையிலிருந்து விரலை உண்டாக்க முடியாது. அந்தக் கோவையைச் சேவையில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதே படத்தை யாராவது ஏற்றினால் கோவை பொருந்தும், நிறுவனம் தன் விதிப்படி பார்த்துத் தூக்கிவிடும் அல்லது ஏறவே விடாது.

தளத்துக்குள் போனால் வரிசையாகச் சில கேள்விகள் வரும். படத்தில் இருப்பது நீங்கள்தானா, வயது 18 ஆகிவிட்டதா, ஆடை இல்லாமலோ அரைகுறையாகவோ இருக்கும் படமா, அந்தப் படம் உங்கள் கையில் இருக்கிறதா, இந்த ரகம். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, ஏன் அனுப்பினாய், எதற்குப் பழகினாய் என்று கேட்பதில்லை. கடைசியாகச் சொன்னதை அடிக்கோடிட்டுப் படியுங்கள், ஏனென்றால் நம் ஊரில் அம்மாவிலிருந்து அதிகாரி வரை எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். பிறகு போனிலிருந்து படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்த இடத்தில்தான் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். "அக்கா, அப்லோடு கேக்குதே" என்றாள் ஒரு பெண், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அவளுடையது மேலே ஓரத்தில் நெட் வேகம் ஓடிக்கொண்டிருக்கும் வகை ரெட்மி போன். "படத்தைப் பார்க்காதே, மேலே அந்த நம்பரை மட்டும் பார்" என்றேன். வீடியோ பெரியது, உண்மையில் அப்லோடு ஆகியிருந்தால் அந்த எண் எகிறியிருக்க வேண்டும். அது அசையாமல் சில கேபியிலேயே கிடந்தது, வேலையும் முடிந்துவிட்டது. "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான். நான் அந்த நேரம் பூரா திரும்பி நின்று ஜெராக்ஸ் மெஷினுக்கு பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆக, என் அளவுகோல்படி புதிதாகப் பார்த்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். இதற்காகவே மூன்று ஸ்டார்.

முடிந்ததும் ஒரு கேஸ் நம்பர் வரும், ஒரு பின் நம்பரும் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பிறகு உள்ளே போய் நிலவரம் பார்க்கவோ, வேண்டாம் என்று கேஸைத் திரும்பப் பெறவோ முடியும். பின் நம்பர் மறந்தால் மீட்டுத் தர வழி கிடையாது, பேர் ஊர் எதுவும் வாங்காத சேவையில் அது நியாயம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் போட்டு வைக்காதீர்கள், வீட்டில் தம்பி கையில் போன் போகும் வாய்ப்பு இருக்கிறதல்லவா, நோட்டுப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் கணக்கு மாதிரி எழுதிவையுங்கள். இன்னொன்று, கடைக்காரி நானே சொல்கிறேன்: இதை எந்த பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலும் செய்யாதீர்கள். படத்தை பென் டிரைவிலோ மெயிலிலோ கொண்டுவந்து அங்கே இறக்கினால் டவுன்லோட்ஸில் ஒரு பிரதி, ரீசைக்கிள் பின்னில் ஒரு பிரதி கிடக்கும். சொந்த போன், சொந்த டேட்டா, கதவைச் சாத்திய அறை, அதுதான் சரி.

செயற்கை நுண்ணறிவில் போலியாகச் செய்த படங்களுக்கும் இது வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியவில்லை. முகம் உங்களுடையது, உடம்பு எவளுடையதோ, அல்லது எவளுடையதும் இல்லை, பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறார்கள். 2016-ல் சேலம் பக்கம் மார்ஃபிங் படத்தால் ஒரு இளம்பெண் உயிரையே விட்டார். அப்போது இப்படி ஒரு வழியே கிடையாது. அந்தப் படங்களைச் செய்ய அன்றைக்கு ஃபோட்டோஷாப் தெரிந்த ஒருத்தன் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், இன்றைக்கு ஒரு ஆப் போதும். அதனால் "நான் யாருக்கும் படமே அனுப்பியது இல்லையே" என்று நிம்மதியாக இருப்பவர்களும் இந்தப் பேரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஒன்றரை ஸ்டார் ஏன் குறைந்தது?

முதல் காரணம், பட்டியலில் இல்லாதவர்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், திரெட்ஸ், ஸ்னாப்சாட், ரெட்டிட், பம்பிள், சில ஆபாசத் தளங்கள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. டிக்டாக்கும் இருக்கிறது, 2020-லேயே இங்கே தடை செய்யப்பட்ட செயலியால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடல் 2024-ல் சேர்ந்தது, கூகுளும் சேர்வதாக 2025-ல் அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஒரு பெண்ணின் மானத்தை வாங்குகிற இடம் எது? வாட்ஸ்அப் குரூப், டெலிகிராம் சேனல். இரண்டுமே இந்த வளையத்துக்குள் இல்லை. வாட்ஸ்அப்பில் போகிற செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்கள், அதுவே பெண்களுக்குப் பல வகையில் பாதுகாப்புதான், அதனால் அதைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. டெலிகிராம் சேனலுக்கு அந்தச் சாக்கும் கிடையாது, அது பொதுவில் திறந்து கிடக்கும் இடம். மிரட்டுகிறவன் "உங்க அப்பா நம்பருக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டால், இந்தத் தளம் அதற்குப் பதில் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து மற்ற வேலைகளைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, வீடியோவில் இது கொஞ்சம் பலவீனம். படங்களுக்கு அவர்கள் பயன்படுத்தும் முறை, அளவு மாறினாலும் லேசாக மங்கினாலும் அடையாளம் கண்டுகொள்ளும். வீடியோவுக்கான எம்டி5 என்கிற முறை அப்படி இல்லை, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வேறு கோப்பு என்றே எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருங்குகிறது அல்லவா, அப்படிப் போய் வந்த பிரதியும் உங்கள் போனில் எடுத்த மூலமும் கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு இரண்டு. அதனால் உங்களிடம் இருக்கிற எல்லாப் பிரதிகளையும் கொடுங்கள்: எடுத்தது, அனுப்பியது, அவன் மிரட்டுவதற்காகத் திருப்பி அனுப்பியது. குறிப்பாக அந்தக் கடைசிப் பிரதி முக்கியம், அவன் ஏற்றப் போவது அனேகமாக அதைத்தான். படங்களையும் பெரிதாக வெட்டியோ மேலே எழுத்துப் போட்டோ மாற்றினால் நழுவ வாய்ப்பு உண்டு.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். படம் கையில் இல்லை என்றால் இந்தச் சேவையால் ஒன்றும் செய்ய முடியாது. வீடியோ காலில் இருக்கும்போது அவன் தெரியாமல் ரெக்கார்ட் செய்திருப்பான், அவளிடம் பிரதியே இருக்காது. அல்லது பயத்தில் சாட் மொத்தத்தையும் அழித்துவிட்டு, அக்கவுண்டையும் மூடிவிட்டு வந்து நிற்பாள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சாட்டும் அவன் நம்பரும் லிங்க்கும் தேதியோடு இருந்தால்தான் நாளைக்கு வழக்கு நிற்கும். மின்னணு ஆதாரத்துக்கு முன்பு 65பி சான்றிதழ் என்பார்கள், புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-வது பிரிவு. அந்தச் சான்றிதழ் படிவத்திலும் கோப்பின் ஹாஷ் மதிப்பை எழுதச் சொல்கிறார்கள், பாருங்கள், சுற்றி வந்து அதே சமாச்சாரம்தான்.

அப்புறம் இந்தத் தளம் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அதற்குக் கீழே இருந்தால் அமெரிக்காவில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு மையம் நடத்தும் டேக் இட் டவுன் என்று இதே மாதிரி இன்னொரு சேவை இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் நான் தளத்தைக் காட்டுவதோடு நிறுத்துவதில்லை. அது போக்சோ. விஷயம் தெரிந்த யாரும் புகார் சொல்லாமல் இருக்கவே கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 1098-க்குப் போன் போட வேண்டும், முடிந்தால் நம்பிக்கையான ஒரு டீச்சரை வைத்துக்கொண்டு.

ஆக இது மட்டும் போதாது, கூட என்ன செய்வது? ஏற்கெனவே படம் ஏறிவிட்டிருந்தால் அந்தந்த செயலியிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்தரங்கப் படம் அல்லது மார்ஃபிங் படம் என்று பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது, 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, பேர் சொல்லாமலும் அங்கே தகவல் கொடுக்கலாம். 1930 என்பது பண மோசடிக்கு என்று ஏற்பட்ட எண். மிரட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே அதில் அடியுங்கள், கணக்கை முடக்க நேரம் முக்கியம்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு பெண் வழக்கறிஞரே போக வேண்டியிருந்தது. சட்டம் படித்தவருக்கே அந்தக் கதி. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அந்த வீடியோவை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். ஒரு இடத்தில் நீக்கினால் இன்னொரு இடத்தில் முளைத்துக்கொண்டே இருந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் நவம்பரில் மத்திய அரசு இதற்கென்று ஒரு நடைமுறையை வகுத்து வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போய் உதவி கேட்கலாம் என்பது. சகி என்பார்களே, அதுதான். 181-க்குப் போன் செய்தால் அங்கே வழி சொல்வார்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், காசு இல்லை. காவல் நிலையப் படி ஏறத் தயங்குகிறவளுக்கு இது ஒரு நல்ல முதல் வாசல்.

நிலையத்துக்கே போவது என்று முடிவானால் இரண்டு விஷயத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். ஒன்று, பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் பிடித்துப் பரப்பும் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 77-வது பிரிவில் வருகிறது, அந்தப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். இரண்டு, "நீயே கொடுத்த படம்தானே" என்று வாயை அடைக்கப் பார்ப்பார்கள். அதற்கு 77-லேயே பதில் இருக்கிறது. எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால், கொடுத்தது குற்றம். கணவனே மிரட்டுகிறான் என்றால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-வது பிரிவில், போனிலோ மின்னணு வழியிலோ எந்த விதத்திலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவே வாங்கலாம். 2005-லேயே எழுதிவைத்துவிட்டார்கள், ஸ்மார்ட்போன் நம் கைக்கு வருவதற்கு முன்பே.

மறுபடி தளத்துக்கு வருகிறேன். செய்யும் வரிசை என்று கேட்டால் நான் சொல்வது: முதலில் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள், உடனே ஸ்டாப்என்சிஐஐயில் ஹாஷ் கொடுங்கள், பிறகு நிதானமாகப் புகாருக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மிரட்டல் வந்தால் அந்த நேரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? இதை அந்த இரண்டு மணிக்கே தனியாக, ஒருத்தரிடமும் பேசாமல் செய்து முடித்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுவேன் என்பவனுடைய மிரட்டலில் பாதிக் காற்று அங்கேயே இறங்கிவிடுகிறது. அவனுக்குப் பணம் மட்டும் அனுப்பாதீர்கள், ஒரு முறை அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி கேட்பான்.

நிறுவனங்கள் மனசு வைத்தால் அந்த ஒன்றரை ஸ்டாரை நாளைக்கே கொடுத்துவிடுவேன். டெலிகிராம் உள்ளே வரட்டும், வீடியோவுக்கு இன்னும் உருப்படியான ஹாஷ் முறை வரட்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "படத்தை நீக்கித் தருகிறோம்" என்று ஐயாயிரம், பத்தாயிரம் கேட்கும் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள், படத்தை எங்களுக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். ஸ்டாப்என்சிஐஐ காசும் கேட்காது, படமும் கேட்காது. இரண்டில் எதைக் கேட்டாலும் நீங்கள் வேறு எங்கேயோ போய் மாட்டியிருக்கிறீர்கள், உடனே வெளியே வந்துவிடுங்கள்.